லைசென்ஸ் வேண்டாத வண்டி

திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த அந்த பிரவுசிங் சென்டருக்கு நான் தொடர்ந்து பதினோரு நாள் போனேன். பதினோரு நாளும் பார்த்தது ஒரே பக்கத்தைத்தான். திரையில் ஒரு நீல நிற வண்டி லேசாகச் சாய்ந்து நிற்கும். புதிதாக வரப்போகிறது, இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று அதற்கு மேலே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கீழே இறங்க இறங்க அதன் பெருமைகள் வரும். பெட்ரோல் வேண்டாம். புகை கிடையாது. சத்தம் கிடையாது. வீட்டு பிளக்கில் செருகினால் போதும், ஒரு சார்ஜுக்கு எழுபது கிலோமீட்டர் ஓடும். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது என்பதால் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம்.

லைசென்ஸ் வேண்டாம் என்ற அந்த வரிக்கு வந்ததும் நான் நின்றுவிடுவேன். அதற்குப் பிறகு எதைப் படித்தாலும் மண்டையில் ஏறாது.

கடைக்காரர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ஐந்து கம்ப்யூட்டர்களும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும்தான் அவருடைய கடை. மற்றவர்கள் பரீட்சை முடிவு பார்க்கவும், துபாயில் இருக்கும் புருஷனோடு பேசவும் வருவார்கள். நான் ஒரு வண்டியின் படத்தைப் பார்க்க வருவது அவருக்குப் பெரிய வேடிக்கை.

"அண்ணே, பொண்ணு பாக்கக்கூட ஒரு தடவதேன் போவாக. நீங்க என்னண்ணே தெனமும் வந்து பாக்குறீக? பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, பாரத்த நானே அடிச்சுவிட்டுர்றேன்" என்பார்.

"யோசிக்கணும்ல பாய்" என்பேன் நான்.

யோசிக்க வேண்டியதுதான். எனக்கு அப்போது நாற்பது வயது. வலிப்பு நோய்க்காரன். பதின்மூன்று வருஷமாக எந்த வண்டியின் ஹாண்டில்பாரையும் நான் தொட்டதில்லை. தொடக்கூடாது என்பது மதுரை டாக்டரின் உத்தரவு. லைசென்ஸ் ஆபீஸ் வாசலை மிதிக்க எனக்கு வழியில்லை. இந்த நிலையில் ஒரு வண்டி வருகிறது, அதை ஓட்ட யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பாய் அந்த வண்டியை எடைபோட்டுக்கொண்டிருந்தார். நான் என்னை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். இது அவருக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் வண்டிதான் எனக்குச் சோறு போட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சோப்பு, பிஸ்கட் ஏஜென்சியில் லைன் பார்த்தேன். காலை ஏழரைக்கு மோட்டார் பைக்கை எடுத்தால் நத்தம் ரோட்டில் சாணார்பட்டி, கோபால்பட்டி என்று வழியில் இருக்கும் பெட்டிக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி ஆர்டர் எடுப்பேன். மறுநாள் வேனில் சரக்கு போகும். வெயிலில் முகம் கருத்துப்போகும், இடுப்பு கழன்றுவிடும். ஆனால் அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்பது வண்டி போன பிறகுதான் விளங்கியது.

வேகமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நினைத்த இடத்தில் நிற்கலாம், அதுதான் விஷயம். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருப்பார்கள், நிறுத்திப் பார்க்கலாம். சாணார்பட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருப்பார், வண்டியை அணைத்துவிட்டு இரண்டு நுங்கு தின்னலாம். சிறுமலைப் பக்கமிருந்து மழை இறங்கி வருவது தெரியும், அது வந்து சேரும்வரை சும்மா நிற்கலாம். பஸ்ஸிலும் இதே ரோட்டில் போகலாம்தான். ஆனால் பஸ் அதன் நிறுத்தத்தில்தான் நிற்கும். என் இஷ்டத்துக்கு நிற்காது.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி எனக்கு அத்தை மகள், ஊர் அகரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாடிக்கொம்பு வழியாக அகரம் போவது வழக்கம். ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, வழி நெடுக ஏதாவது பேசிக்கொண்டே வருவாள். காற்றில் பாதி பேச்சு எனக்குக் கேட்காது. கேட்டதுபோல உம் கொட்டுவேன். நான் கேட்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும், ஆனாலும் பேச்சை நிறுத்தமாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று எங்கள் பக்கம் அப்படிப் போடுவார்கள். அதன் ஓரத்தில் ஒரு அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நான் பார்த்தது என் கைக்குள் இருந்த சாவியை.

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கை விறைத்து, வண்டி கோணிக்கொண்டு போய்ச் சரிந்திருக்கிறது. கொள்ளுச் செடி மெத்தையாகக் கிடந்ததால் தலை தப்பியது. நான் ரோட்டில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறேன். என் மனைவி எழுந்து வந்து, சரிந்து கிடந்த வண்டியிலிருந்து சாவியை உருவி என் கையில் திணித்திருக்கிறாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அது ஒரு வைத்தியமே இல்லை என்று டாக்டர் பின்னால் சத்தம் போட்டார். அந்த நேரத்தில் டாக்டரை எங்கே தேடுவது? அவள் வலது கையால் சாவியைக் கொடுத்து என் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டு முறிந்து தொங்கிக்கொண்டிருந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை. அந்த அம்மா பார்த்து அலறிய பிறகுதான் கவனித்தாளாம்.

மணிக்கட்டு கூடியது, ஆனால் சற்றுக் கோணலாகக் கூடியது. இன்றைக்கும் அந்தக் கையால் குடத்தைத் தூக்கமாட்டாள்.

கொள்ளுச் செடியில் வழுக்கி விழுந்துவிட்டோம் என்று ஊருக்குச் சொன்னோம். யோசனை அவளுடையது. "வலுப்புன்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாக மாமா. வழுக்குச்சுன்னு சொன்னா கொள்ளு போட்டவன வஞ்சுட்டுப் போயிருவாக" என்றாள். அப்படியேதான் ஆனது. அந்தக் கொள்ளுக்காரர் பாவம், எங்களுக்காக எத்தனையோ வசவு வாங்கியிருப்பார்.

வண்டியை விற்றோம். வாங்கியவர் வந்து சாவியைக் கேட்டபோது நான் கொடுத்த விதத்தைப் பார்த்து, "என்னண்ணே, விக்கிறீகளா இல்லையா?" என்றார். ஏஜென்சி முதலாளி நல்லவர், என்னை குடோனில் பில் போட உட்காரவைத்தார். அடுத்த சில வருஷங்களில் வலிப்பு ஐந்து தடவை வந்தது. மூன்று தடவை வீட்டில், ஒரு தடவை குடோனில், ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில். விழித்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கைக்குள் ஒரு சாவி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் மட்டும் யாரோ ஒரு பழக்கடைக்காரர் தராசுத் தட்டின் சங்கிலியைக் கொடுத்திருந்தார். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குச் சாவி கிடைக்காமல் சங்கிலி கிடைத்ததே என்று குடோனில் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் அதற்கென்றே ஒரு சாவி இருந்தது. எங்கள் பழைய வாடகை வீட்டுக் கதவுச் சாவி, ஒரு சாண் நீளம், நல்ல கனமான இரும்பு. அதன் பூட்டு எப்போதோ கெட்டுப்போய்க் குப்பைக்குப் போய்விட்டது. சாவியை மட்டும் என் மனைவி விடவில்லை. இடுப்பில் செருகியபடியே இருப்பாள். வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணி கொடுக்க வருகிற பெண்கள், "பீரோ சாவியாக்கா? ரெம்பத்தேன் வச்சிருக்கீக போல" என்று கேட்பார்கள். "ஆமா, பூராவும் நகதேன்" என்பாள்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டேன். வருவது குறைந்தது, பிறகு நின்றது. பிரவுசிங் சென்டருக்கு நான் போன அந்தச் சமயத்தில் கடைசி வலிப்பு வந்து ஏழு வருஷம் முடிந்திருந்தது. ஏழு வருஷம் என்பது சின்னக் காலமா? எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வக்கீலை எழுப்பிவிட்டது என் மகள். ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் அவரவர் அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். இவளுக்கு நடைதான். ஒருநாள் குறையாகச் சொல்லாமல், சும்மா தெரிந்துகொள்ளும் ஆசையில், "அப்பா, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும்" என்றேன். "நெசமாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ரோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நத்தம் ரோடு முழுக்க என் டயர் படாத இடமில்லை, இவளுக்கு அது தெரியவில்லையே என்று குடோனுக்குப் போகும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனேன். அடுத்த வாரம் எங்கள் குடோனுக்கு வந்த ஒரு சேல்ஸ்மேன் இந்த மின்சார வண்டியைப் பற்றிச் சொல்லி, இணைய முகவரியை பில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே பாய் கடைக்குப் போனேன்.

பாய் வண்டியை அலசிய அலசலுக்கு அந்தக் கம்பெனிக்காரர்களே அவரிடம் பாடம் கேட்கலாம். "எழுவது கிலோமீட்டர்னு போட்டுருக்கான்ல, அத நம்பாதீக. ரெண்டு பேரு ஏறுனா நாப்பதுதேன் வரும். ரயில்வே பாலத்துல ஏறுமா? அதக் கேளுங்க மொதல்ல. சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூர்ல போட்டுருக்கான். நின்னு போச்சுன்னா கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டா போவீக?" என்பார். மறுநாள் அவரே கட்சி மாறி, "ஆனா பெட்ரோல் விக்கிற வெலையில இது லாபம்ணே. சத்தமும் இல்ல, பேட்டரி தண்ணி ஊத்துற வேலையும் இல்ல" என்பார். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். ஐந்து திரைகளும் ஒன்றாக அணையும். தினமும் கரண்ட் கட் ஆரம்பித்திருந்த காலம் அது. "பாத்தீகளாண்ணே? சார்ஜ எங்குட்டுப் போயி ஏத்துவீக?" என்று இருட்டுக்குள்ளிருந்து பாயின் குரல் வரும்.

எனக்கு வேறு கவலைகள் இருந்தன. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் எவ்வளவு அடிபடும்? அந்த வேகம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தெரிந்துகொள்வதற்காக ஒருநாள் டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த பஸ்ஸில் மீட்டர் முள் உயிரோடு இல்லை. அடுத்த நாள் ஒரு மினி பஸ்ஸில் முள் வேலை செய்தது. அது இருபத்தைந்தைத் தொட்டபோது குனிந்து ரோட்டைப் பார்த்தேன். தார் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியவில்லை. கண்ணை இறுக்க மூடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் திறந்தேன். அதற்குள் பஸ் ஒரு டீக்கடையையும் ஒரு சைக்கிளையும் தாண்டியிருந்தது. "என்னண்ணே, தல சுத்துதா? உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

அந்த இணையப் பக்கத்தின் அடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று ஒரு பகுதி இருந்தது. யாரெல்லாம் ஓட்டலாம் என்பது அதில் ஒரு கேள்வி. மாணவர்கள், குடும்பப் பெண்கள், வயதானவர்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பதில். யார் வேண்டுமானாலும் என்பதில் நானும் உண்டா? பதினோரு நாளும் நான் அந்த வார்த்தையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், உங்கள் கேள்வியை எங்களுக்கு எழுதுங்கள் என்று போட்டிருந்த பெட்டியைத் திறந்தேன். பாய் ஜெராக்ஸ் மெஷினில் கையை விட்டுச் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அடித்தேன். வலிப்பு இருந்து ஏழு வருஷமாக வராத ஒருவர் இந்த வண்டியை ஓட்டலாமா? வீட்டு டெலிபோன் நம்பரையும் போட்டேன். அனுப்பு என்ற பட்டனை அமுக்கினேன். ஊரில் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை ஒரு கம்பெனிப் பெட்டியில் போய்ச் சொல்லியிருந்தேன்.

அடுத்த நிமிஷமே பதில் வந்தது. என்னுடைய ஆர்வத்துக்கு நன்றி என்று அதில் எழுதியிருந்தது. நான் ஆர்வமாக இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். பிறகுதான் அது மெஷினே அனுப்புகிற பதில் என்று விளங்கியது.

நாலு நாள் ஒன்றும் வரவில்லை. வெட்கம் தாங்காமல் அந்த நாலு நாளும் பாய் கடைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் குடோனிலிருந்து வீடு வந்தேன். கரண்ட் இல்லை. என் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து, ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொன்னாள்.

"மாமா, கோயம்புத்தூர்லருந்து ஒரு புள்ள போன் பண்ணுச்சு."

எனக்குச் செருப்பைக் கழற்றவும் வரவில்லை, போடவும் வரவில்லை.

"யாரு?"

"வண்டிக் கம்பெனியாம். 'ஏனுங்க, சார் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாருங்க, வலிப்பு இருக்கறவங்க ஓட்டலாமான்னு. அது யாருக்குங்க?'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தேன்னேன். டாக்டர்ட்ட எழுதி வாங்கிக்கிட்டா எங்களுக்கு ஒண்ணுமில்லீங்கன்னுச்சு. நல்ல மரியாதையான புள்ள."

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அழுவாள், இல்லாவிட்டால் கோணல் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஏழு வருஷம் ஆகிவிட்டது, வேகம் இருபத்தைந்துதான், பெரிய ரோட்டுக்குப் போகமாட்டேன், மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. பதினோரு நாளாக அந்த வக்கீல் தயாரித்துக் கொடுத்த பதில்கள் அவை. வாயைத் திறக்கப் போனேன்.

"என்ன கலரு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"வண்டி என்ன கலருன்னேன்."

"நீலம்."

"பின்னாடி புடிச்சுக்கக் கம்பி இருக்கா?"

"இருக்கு."

"சீட்டு அகலமா? அந்தப் பழைய வண்டியில நுனியிலதேன் உக்காந்து வருவேன். அகரம் போறதுக்குள்ள தொட மரத்துப் போகும்."

நான் அந்த அரை இருட்டில் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குப் பேசவில்லை. ஒரு வண்டியை வாங்குவதற்கு முன் பின்சீட்டில் உட்காரப்போகிறவள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் நான் பாயிடம் கேட்டிருக்கிறேன், பக்கத்தின் அடியில் இருந்த கேள்விகளில் தேடியிருக்கிறேன், முகம் தெரியாத கம்பெனியிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். இவளிடம் மட்டும் கேட்கவில்லை.

"நான் ஓட்டுனா நீ பின்னாடி உக்காருவியா?" என்றேன்.

"உக்காராம? பின்ன நீங்க வண்டியில போவீக, நான் பின்னாடியே நடந்து வருவனாக்கும்" என்றாள். பிறகு, ஏற்கனவே எல்லாவற்றையும் யோசித்து முடித்தவள்போலச் சொன்னாள். "இப்பிடி உக்காந்துக்குவேன் மாமா. இந்தக் கை கம்பியப் புடிச்சுக்கிரும். இந்தக் கை சும்மா இருக்கும்ல, சாவிய இதுல வச்சுக்கிருவேன்."

சொல்லிக்கொண்டே படியில் ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்து காட்டினாள். கோணல் மணிக்கட்டு இருந்த இடது கை, சிமெண்ட் படியின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கை இடுப்புச் சாவியின் மேல் இருந்தது. நல்ல கையைச் சாவிக்கு ஒதுக்கிவிட்டு, குடம் தூக்க முடியாத கையை நம்பி என் பின்னால் வரத் தயாராக இருந்தாள். அவள் முகத்தில் பயம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எப்போது கிளம்பலாம் என்றுதான் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரண்ட் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் அந்த வண்டியை வாங்கியிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஒருவர் முடியாது என்றால் முடியும் என்று காட்டுகிற பிடிவாதம் எனக்கு உண்டு. மறுநாளே பதிவு செய்து, வந்ததும் அவளுக்குக் காட்டிக் காட்டி ஓட்டியிருப்பேன். அவள் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு எப்படி வாங்குவது?

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவரே அந்தப் பக்கத்தைத் திறந்து, பதிவுப் பாரத்தையும் எடுத்து வைத்தார். "அஞ்சு நாளா ஆளக் காணோமேண்ணே. காச பொரட்டப் போயிட்டீகன்னு நெனச்சேன். பேரு சொல்லுங்க, அடிக்கிறேன்" என்றார்.

"வேணாம் பாய்."

"ஏண்ணே?"

உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நல்ல மனிதர், சொன்னால் கேட்டுக்கொள்வார். ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது? கொள்ளுச் செடியிலிருந்தா?

"கரண்டே இல்லாத ஊர்ல கரண்டு வண்டி எதுக்கு பாய்" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. "அதேண்ணே! அதத்தேன் நான் மொத நாள்லருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். பின்னாளில் யார் அந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அந்த வரியை என் பெயரைச் சொல்லியே சொல்வாராம். அலசி ஆராய்ந்து பொருள் வாங்குகிற ஆள் என்று அந்தத் தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு. அது வந்த கதை இதுதான்.

கிளம்புவதற்கு முன் அந்த நீல வண்டியை ஒருதரம் பார்த்தேன். பாய் சுட்டியை நகர்த்தி அதை மூடினார். நத்தம் ரோடும், நுங்கு வெட்டுகிறவரும், மழை வரும்வரை சும்மா நிற்பதும் இந்த ஜென்மத்தில் எனக்கு இனி இல்லை என்று அன்றைக்குத்தான் முடிவாகத் தெரிந்தது. முன்பு டாக்டர் சொன்னதால் விட்டது. இப்போது நானே விட்டது. நானே விட்டதுதான் அதிகம் வலித்தது.

வீட்டில் சொல்ல ஒரு பொய் வேண்டியிருந்தது. இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்காமல் தள்ளினேன். ஒருநாள் ஃபால்ஸ் அடித்துக்கொண்டே, மெஷினிலிருந்து கண்ணெடுக்காமல், "வண்டி எப்ப மாமா வருது?" என்று கேட்டாள்.

"அந்த வண்டி இப்பதைக்கு நம்ம பக்கம் அனுப்பலையாம்" என்றேன்.

மெஷின் நின்றது. "அப்பிடியா" என்றாள். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

நிம்மதியாக இருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அங்கே நிம்மதி இல்லை. ஏமாற்றம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அகரத்துக்கு பஸ்ஸில் போனோம். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, நான் பக்கத்தில் இருந்தேன். தாடிக்கொம்புக்குச் சற்று முன்னால் ஒரு பைக் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஒரு பெண் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவனின் காதுப்பக்கம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டே போனாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கேட்டிருக்காது. என் மனைவி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து, அந்த வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் ஏங்கிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.